சம்பளம் பேசுவது எப்படி? மலையகத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். இப்போது கண்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. அதனால் ஊரில் யாருக்கு வேலை கிடைத்தாலும், சம்பளத்தில் ஏதாவது பிரச்சினை வந்தாலும் எனக்குத்தான் போன் வரும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். சட்டமும் தொகையும் இலங்கைக்கு உரியவை.

சம்பளத்தைப் பத்திக் கேட்டா பேராசை புடிச்சவன்னு நினைக்க மாட்டாங்களா?

மாட்டார்கள். ஆள் எடுக்கிறவருக்கு இது அன்றாட வேலை. ஒரு பதவிக்கு இவ்வளவு முதல் இவ்வளவு வரை கொடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் நேர்முகத் தேர்வுக்கே கூப்பிடுகிறார்கள். முதலில் சொல்லும் தொகை அநேகமாக அந்த வரம்பின் கீழ்ப்பக்கத்தில்தான் இருக்கும். கேட்காதவருக்கு அதுவே நிலைத்துவிடும். பிறகு வரும் இன்கிரிமென்ட், போனஸ், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) எல்லாம் அந்தத் தொகையின் மேல்தான் ஏறும்.

சம்பளம் கேட்பது நமக்குப் புதிதும் இல்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் 16 சதம் கூட்டிக் கேட்டு நடந்த போராட்டத்தில்தான் தொழிலாளி கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அந்தச் சனத்தின் பேரப்பிள்ளைகள் ஒரு அலுவலக மேசைக்கு முன்னால் உட்கார்ந்து “எவ்வளவு தருவீர்கள்?” என்று கேட்கக் கூச்சப்படுவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சம்பள வெளிப்படைத்தன்மைன்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

ஒரு வேலைக்கு எவ்வளவு சம்பளம், அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது அந்த வேலையைச் செய்கிறவருக்கும் செய்யப் போகிறவருக்கும் தெரிந்திருப்பது. நியூயார்க் நகரில் 2022 நவம்பர் முதல் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இதற்கென்று ஒரு பணிப்புரையைக் கொண்டுவந்து, 2026 ஜூனுக்குள் அதை உறுப்பு நாடுகள் சட்டமாக்க வேண்டும் என்றது. இலங்கையில் தனியார் துறைக்கு இப்படி ஒரு சட்டம் இல்லை. அரசாங்க வேலைக்கு மட்டும் சம்பள அளவுத்திட்டம் சுற்றறிக்கையாக வருகிறது. ஒரு ஆசிரியரின் ஆரம்பச் சம்பளம் என்ன, வருடத்துக்கு எவ்வளவு ஏறும் என்று யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

தோட்டத்தில் இது எப்போதும் இருந்தது. நாட்சம்பளம் இவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கிலோவைச் சத்தமாகச் சொல்லித்தான் எழுதுவார்கள். ஒரு கிலோ குறைத்து எழுதினால் பின்னால் நிற்கிற பெண்ணே குரல் கொடுப்பார். அதே பெண்ணின் மகன் கொழும்பில் ஒரு கடையில் மூன்று வருடம் வேலை செய்துவிட்டு, பக்கத்தில் நிற்பவனுக்கு எவ்வளவு என்று தெரியாமல் இருக்கிறான்.

குறைஞ்சபட்ச சம்பளம் இப்ப எவ்வளவு? கடையில நிக்கிற எனக்கும் அது உண்டா?

உண்டு. 2016ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச சம்பளச் சட்டம் தனியார் துறையில் கடை, கராஜ், பேக்கரி, தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆரம்பத்தில் அது மாதம் 10,000 ரூபாய். 2024இல் 17,500 ஆனது. 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரி முதல் 30,000 ஆனது. நாட்சம்பளம் என்றால் 1,200 ரூபாய். உங்கள் தொழிலுக்குச் சம்பள நிர்ணய சபை இதைவிடக் கூடுதலாக நிர்ணயித்திருந்தால் அந்தக் கூடுதல் தொகைதான் உங்களுக்கு உரியது.

இது அடித்தளம் மட்டும்தான். “சட்டத்தில் 30,000 என்றுதானே இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால், அதற்குக் கீழே போகக்கூடாது என்பதுதான் பொருள். இரண்டு மொழி பேசி, கணினியில் பில் போட்டு, ஸ்டொக் கணக்கும் பார்க்கிறவருக்கு அது போதும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

தோட்டச் சம்பளம் 1,350ஆ, 1,700ஆ, 1,750ஆ? ஆளுக்கொண்ணு சொல்றாங்களே.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டம். கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் போட்டிருந்த கூட்டு ஒப்பந்தம் 2021இல் முடிவுக்கு வந்த பிறகு, சம்பள நிர்ணய சபை மூலம் நாளுக்கு 1,000 ரூபாய் ஆனது. 2024 மே மாதத்துக்கென்று 1,700 ரூபாய் வர்த்தமானியில் வந்தது. அதில் 1,350 அடிப்படை, 350 ஊக்கத்தொகை. கம்பெனிகள் உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கின. பிறகு அதே ஆண்டு செப்டம்பரில் 1,350 அடிப்படைச் சம்பளமாக வர்த்தமானியில் வந்தது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படையை 1,550 ஆக்கி, வருகைக்கு அரசாங்கம் 200 கொடுத்து, மொத்தம் 1,750 என்று அறிவித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, எது அடிப்படை, எது மேலே சேர்க்கிற கொடுப்பனவு என்பது. மேடையில் மொத்தத் தொகையைத்தான் சொல்வார்கள். ஏன் அடிப்படையைப் பார்க்க வேண்டும் என்பதைக் கீழே அலவன்ஸ் பற்றிய பதிலில் எழுதியிருக்கிறேன். அது தோட்டத்துக்கும் பொருந்தும், கொழும்பு அலுவலகத்துக்கும் பொருந்தும்.

அம்மாவோட சம்பளத் துண்டுல என்ன பார்க்கணும்னே தெரியல.

மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, எத்தனை பேர் (கணக்கில் எடுத்த வேலைநாள்) விழுந்திருக்கிறது, அதில் எத்தனை அரைப்பேர் (அரை நாள்). அம்மா முழு நாளும் மலையில் நின்ற நாளுக்கு அரைப்பேர் போட்டிருந்தால் அந்த நாளின் கிலோ என்ன என்று கேட்க வேண்டும். இரண்டாவது, நாளுக்கு விதித்த அளவுக்கு மேல் பறித்த மேலதிக கிலோவுக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்பது. மூன்றாவது, பிடித்தம். ஈ.பி.எஃப்., தொழிற்சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத்தூள், கோயில் என்று வரிசையாக இருக்கும். முற்பணம் எப்போது முடிகிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் எண்ணுவதில்லை. எண்ணுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு சின்னக் கொப்பி போதும். ஒவ்வொரு நிறுவைக்கும் கிலோவை எழுதி வைக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு எழுதுவது சிரமம் என்றால் அந்தியில் வந்து சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். பத்தாம் திகதி சம்பளத் துண்டு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கொப்பியையும் துண்டையும் கொண்டுபோய் ஆபீசில் கேளுங்கள். வெறும் வாயால் கேட்டால் “செக்ரோலில் இப்படித்தான் இருக்கிறது” என்பார்கள். செக்ரோல் என்பது தோட்டத்தின் வேலைநாள், சம்பளப் பதிவேடு. திகதி வாரியாக எழுதிய கொப்பியை நீட்டினால் செக்ரோலைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

மொத்தம் 45,000 தர்றாங்க. அடிப்படை 30,000, மிச்சம் அலவன்ஸாம். மொத்தம் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. ஈ.பி.எஃப்.இல் உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதத்தை முழுக்க முதலாளியே கட்ட வேண்டும். 45,000 முழுவதும் அடிப்படை என்றால் முதலாளி உங்கள் பெயரில் மாதம் 5,400 ஈ.பி.எஃப்.பும் 1,350 ஈ.டி.எஃப்.பும் போடுவார். அடிப்படை 30,000 என்று வைத்து அதற்கு மட்டும் கட்டினால் 3,600, 900. மாதம் 2,250 ரூபாய் உங்களுக்குக் குறைந்துவிடுகிறது. வருடத்துக்கு 27,000. கையில் கிடைப்பதோ இரண்டாவது முறையில் 1,200 ரூபாய் கூட, ஏனென்றால் உங்கள் 8 வீதமும் குறைகிறது. அதனால்தான் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

பல இடங்களில் ஓ.டி.யையும் (மேலதிக நேரச் சம்பளம்) அடிப்படையை வைத்தே கணக்குப் பார்க்கிறார்கள். ஐந்து வருடம் முடித்து விலகினால் வருகிற பணிக்கொடை, 15 பேருக்குக் குறையாமல் இருக்கும் இடத்தில் மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அங்கேயும் அடிப்படை குறைந்தால் தொகை குறையும்.

பெயரை மாற்றிவிட்டால் எல்லாம் சட்டத்துக்கு வெளியே போய்விடாது. வாழ்க்கைச் செலவுப் படியும், கொடுக்கிற சாப்பாட்டின் பெறுமதியும் ஈ.பி.எஃப். கணக்கில் சேர வேண்டியவை. ஓ.டி. சேராது. ஆகவே வேலைக்குச் சேரும்போது கேட்க வேண்டிய கேள்வி, “மொத்தத்தில் எவ்வளவுக்கு ஈ.பி.எஃப். கட்டுவீர்கள்?” என்பது. கொழும்பில் சிங்களத்தில் கேட்க வேண்டி வந்தால் “மூலிக படிய கீயத?” என்று தொடங்குங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறீர்கள்.

“எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?”ன்னு கேட்டா வாயடைச்சுப் போயிடுது. என்ன சொல்றது?

முதலில் திருப்பிக் கேளுங்கள். “இந்தப் பதவிக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கிற சம்பளம் எவ்வளவு முதல் எவ்வளவு வரை, சேர்?” இது மரியாதைக் குறைவில்லை. பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் ஒரு தொகையைச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நம் பிள்ளைகள் செய்வது என்னவென்றால், “ஐம்பது... இல்லாட்டி நாற்பதும் பரவாயில்லை சேர்” என்று ஒரே மூச்சில் தாங்களே இறங்கி வருவது. எதிரில் இருப்பவர் ஒன்றும் சொல்லாமலே பத்தாயிரம் குறைந்துவிட்டது. தொகையைச் சொன்ன பிறகு வருகிற அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழக வேண்டும். வீட்டில் அக்காவையோ நண்பனையோ எதிரில் உட்கார வைத்து நாலு தடவை சொல்லிப் பாருங்கள்.

தொகையை எங்கிருந்து எடுப்பது? அதே வேலையில் இருக்கிற மூன்று பேரையாவது கேளுங்கள். பண்டாரவளையில் ஒரு கடை, கண்டியில் ஒன்று, கொழும்பில் ஒன்று என்று கேட்டால் இன்னும் நல்லது. “உனக்கு எவ்வளவு?” என்று கேட்டால் சிலர் மழுப்புவார்கள். “எனக்கு இவ்வளவு சொல்கிறார்கள், இது சரியான தொகையா?” என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக வரும். கொழும்பு என்றால் போர்டிங், சாப்பாடு, மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போகிற பஸ் காசு மூன்றையும் கழித்துப் பாருங்கள். ஹட்டனில் கிடைக்கிற குறைந்த தொகை சில வேளை கையில் அதிகமாக நிற்கும்.

முந்தி வாங்கின சம்பளம் எவ்வளவுன்னு கேக்குறாங்க. கூட்டிச் சொல்லலாமா?

பொய் சொல்லாதீர்கள். சம்பளத் துண்டைக் கொண்டுவரச் சொன்னால் அங்கேயே நம்பிக்கை போய்விடும். “அது வேறு வேலை, பொறுப்பும் குறைவு. இந்த வேலைக்கு நான் எதிர்பார்ப்பது இவ்வளவு” என்று பேச்சை இங்கே கொண்டுவாருங்கள். வற்புறுத்திக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட்டு, சாப்பாடு, தங்குமிடம், ஓ.டி., போனஸ் என்று அங்கே கிடைத்த எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதுவும் சம்பளம்தான்.

தோட்டத்து விலாசத்தைப் பார்த்ததும் சம்பளம் குறையுது. விலாசத்தை மாத்திப் போடலாமா?

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது, வரும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. விலாசத்தில் டிவிஷன் (தோட்டப் பிரிவு) பெயரைப் பார்த்ததும் “இவர்களுக்கு இது போதும்” என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் வெளிப்படையாகவே “தோட்டத்தில் இதைவிடக் குறைவாகத்தானே கிடைக்கும்?” என்பார்கள். உங்கள் அம்மாவின் நாட்சம்பளத்துக்கும் நீங்கள் செய்யப் போகிற வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படிக் கேட்டால், “நான் இந்த வேலைக்கு இங்கே என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் வந்தேன்” என்று அமைதியாகச் சொல்லுங்கள். விசாரித்திருக்கவும் வேண்டும், மேலே சொன்னபடி.

விலாசத்தை மாற்றத் தேவையில்லை. நியமனக் கடிதம், வங்கி, ஈ.பி.எஃப். எல்லாவற்றிலும் அடையாள அட்டையில் உள்ளதுதான் வரும். ஆனால் முதலில் அனுப்புகிற விண்ணப்பத்தில் முழு விலாசம் போட்டே ஆக வேண்டும் என்றும் இல்லை. பெயர், தொலைபேசி, அருகிலுள்ள நகரம் போதும். சம்பளம் பேசி முடிந்த பிறகு முழு விலாசத்தைக் கொடுங்கள்.

ஊர் அண்ணன் ஒருத்தர் சொல்லித்தான் வேலை கிடைச்சுது. நான் சம்பளம் பேசினா அவருக்கு மானக்கேடு இல்லையா?

மலையகத்தில் பாதி வேலை இப்படித்தான் கிடைக்கிறது, அதனால் இந்தச் சங்கடம் உண்மையானது. முதலாளியிடம் பேசுவதற்கு முன் அண்ணனிடம் பேசுங்கள். “அண்ணா, வேலைக்கு ரொம்ப நன்றி. அடிப்படை எவ்வளவு, ஈ.பி.எஃப். எதற்குக் கட்டுகிறார்கள் என்று நானே முதலாளியிடம் கேட்கப் போகிறேன், உங்களுக்குச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்” என்றால் அவர் மரியாதை குறையாது. பல வேளைகளில் அவரே பேசித் தருவார்.

அவர் தடுத்தால் கொஞ்சம் யோசியுங்கள். ஆள் கொடுத்ததற்கு முதலாளியிடம் அவர் ஏதாவது வாங்கியிருக்கலாம், அல்லது அவருக்கே குறைந்த சம்பளமாக இருந்து, அது வெளியே வருவதை விரும்பாமல் இருக்கலாம். எப்படியிருந்தாலும் நன்றி என்பது ஒரு முறை சொல்ல வேண்டியது. மாதா மாதம் சம்பளத்தில் கழித்துக் கட்ட வேண்டிய கடன் இல்லை.

ஹோட்டல்ல அடிப்படை கம்மி, சர்விஸ் சார்ஜ்ல எடுத்துக்கலாம்னு சொல்றாங்க. நம்பலாமா?

நுவரெலியா, எல்ல ஹோட்டல்களில் ஏப்ரல் சீசனில் சர்விஸ் சார்ஜ் நன்றாகத்தான் வரும். மழை மாதங்களில் என்ன வந்தது என்று கேளுங்கள். போன வருடம் ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு எவ்வளவு விழுந்தது, எந்த அடிப்படையில் பிரிக்கிறார்கள், புதிதாகச் சேர்ந்தவருக்கு எப்போதிருந்து என்ற மூன்றுக்கும் பதில் வாங்குங்கள். அங்கே வேலை செய்கிற ஒருவரிடமும் தனியாகக் கேட்டு ஒப்பிடுங்கள். அடிப்படை எப்படியும் சட்டம் சொல்கிற தொகைக்குக் குறையக்கூடாது.

சம்பளத்தை யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு கடிதத்துலயே போட்டிருக்கு. சொன்னா வழக்குப் போடுவாங்களா?

உங்கள் சம்பளத்தை நீங்கள் சொல்வதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. அதேநேரம், பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் சம்பள வேறுபாட்டைப் பற்றிப் பேசுகிறவருக்குக் கொடுக்கிற மாதிரியான பாதுகாப்பும் இங்கே இல்லை. கையெழுத்திட்ட நிபந்தனையை மீறியதாகச் சொல்லி ஒழுக்காற்று விசாரணை வைக்கப் பார்ப்பார்கள். ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னமே அந்த வரியைக் காட்டி, “இது மற்ற ஊழியர்களின் தகவலுக்கா, என் சொந்தச் சம்பளத்துக்குமா?” என்று கேளுங்கள்.

என்னைப் போலச் சம்பளப் பட்டியலைக் கையாளுகிறவர்கள் மற்றவர்களின் தொகையை வெளியே சொல்லக்கூடாது, அது நியாயம். ஆனால் ஒருவர் தன் உழைப்புக்கு வாங்கியதைத் தன் நண்பரிடம் சொல்ல முடியாது என்பது யாருக்கு நன்மை என்று யோசித்துப் பாருங்கள். சம்பளம் ஒழுங்காகப் போடப்பட்ட இடத்தில் அதை மறைக்க அவ்வளவு பாடுபடத் தேவையில்லை.

என்னோட ஒரே வேலை பார்க்குற பையனுக்கு 6,000 கூட. பொம்பளைப் புள்ளைன்னு குறைக்கலாமா?

குறைக்கக்கூடாது. சம பெறுமதியுள்ள வேலைக்குச் சம சம்பளம் என்ற சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 100ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்டது. தோட்டத்தில் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த நாட்சம்பளம் இருந்து, 1984இல்தான் சமமானது. ஆனால் தனியார் துறைக்கென்று இங்கே தனியான சம சம்பளச் சட்டம் இல்லாததால், நேரே போய்ச் சட்டப் பிரிவைக் காட்டுவதைவிட வேலையைக் காட்டிப் பேசுவது பலன் தரும்.

அந்தப் பையனின் பெயரை இழுக்க வேண்டாம். அவர் நம்பிச் சொன்னதால்தான் உங்களுக்குத் தெரிந்தது. “இந்தப் பதவிக்கு இங்கே கொடுக்கிற வரம்பில் நான் எங்கே இருக்கிறேன்? மேலே போக என்ன வேண்டும்?” என்று கேளுங்கள். செய்கிற வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அவர் முன்பே சேர்ந்தவரா, கூடுதல் தகைமை உள்ளவரா என்றும் நேர்மையாகப் பாருங்கள். இல்லையென்றால் விடாதீர்கள்.

கடிதமும் இல்லை, துண்டும் இல்லை, கையில காசுதான். இதுல என்னத்தைப் பேசுறது?

கடையும் அலுவலகமும் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்துக்குள் வரும். நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. ஈ.பி.எஃப். முதல் நாளிலிருந்தே உண்டு. பயிற்சிக் காலம், தற்காலிகம், துண்டு வேலை என்று சொல்லித் தள்ள முடியாது.

சம்பளம் வாங்கிய அன்றே முதலாளிக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: “சேர், இந்த மாதச் சம்பளம் இவ்வளவு கிடைத்தது, நன்றி.” அவர் ஒரு கட்டைவிரல் அடையாளம் போட்டாலும் அது பின்னால் உதவும். வேலை நேரத்தை அம்மாவின் கிலோவைப் போலவே கொப்பியில் எழுதுங்கள்.

கேட்டேன், இப்ப முடியாதுன்னுட்டாங்க. அவ்வளவுதானா?

“எப்போது பார்க்கலாம்?” என்று ஒரு மாதத்தைச் சொல்ல வையுங்கள், அதை எழுத்தில் வாங்குங்கள். பணம் இல்லை என்றால் வேறு கேட்கலாம்: அலவன்ஸில் ஒரு பகுதியை அடிப்படைக்கு மாற்றுவது, போர்டிங் காசு, ஒரு பாடநெறிக் கட்டணம், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் போக லீவு. சொன்ன மாதம் வந்தும் அசைவில்லை என்றால் வேறு இடம் தேடத் தொடங்குங்கள். இருக்கிற வேலையை விடாமல் தேடுங்கள்.

கேட்டதுக்காக வேலையை விட்டு நிறுத்திட்டா என்ன செய்றது?

15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதற்கு உங்கள் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். முந்தைய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக நீக்குவதும் 1999இல் திருத்தப்பட்ட சட்டப்படி தவறு. இதற்காகவே தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். சம்பளப் பாக்கி, ஈ.பி.எஃப். கட்டாமை ஆகியவற்றுக்கும் அதே இடம்தான்.

தொழில் நியாய சபைக்குப் போவதென்றால் வேலை நீங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அங்கே ஆட்கள் தொகை ஒரு தடையில்லை, சின்னக் கடை என்றாலும் போகலாம். பலர் “சரி, போகட்டும்” என்று வேறு வேலை தேடுவதிலேயே அந்த ஆறு மாதத்தையும் விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று: கணக்கு முடிக்கிறோம் என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து கேட்பார்கள். அது விலகல் கடிதமாக இருக்கலாம். நீங்களாக விலகாதபோது அதில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வாருங்கள்.